ஏவியவர் யார்?

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாம் பாடவேளை முடியுமுன்னரே ஒரு தாய் எம் பாடசாலை வாயிலில் வந்து நின்றார். வெங்காயத் தோட்டங்களிற் களை பிடுங்கிக் கூலி பெறுபவர். அன்றைய கூலியைக் கைவிட்டு, இரண்டு கட்டை தூரம் நடந்து வந்திருந்தார். தம்மிடமிருந்த பழைய கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். அவருடைய மகள் ஐந்து நாள்களாகப் பாடசாலைக்கு வரவில்லை என்றும், பெற்றோர் உடனே அதிபரைச் சந்திக்க வேண்டும் என்றும், தவறினால் பெயர் இடாப்பிலிருந்து நீக்கப்படலாம் என்றும் அதன் திரையில் ஒரு செய்தி இருந்தது.

“என்ர பிள்ளை ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாமல் விட்டதில்லை, சேர். விடிய வெளிக்கிட்டுப் போறாள், பின்னேரம் வாறாள். இடையிலை எங்கை போறாள் எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேணும்,” என்றார்.

அந்தப் பிள்ளை எங்கும் போகவில்லை. ஐந்து நாளும் பதினோராம் வகுப்பில், எமது தமிழ்ப் பாடத்தில், இரண்டாம் வரிசையில் இருந்தவள். அன்று காலையும் அங்கேதான் இருந்தாள். முதல் நாள் இரவு தாயிடம் அடி வாங்கிய தழும்பு அவள் முழங்கையில் இருந்ததை அழைத்துக் கேட்ட பின்னரே கண்டோம்.

அச்செய்தியில் ஓர் எழுத்துப் பிழையேனும் இல்லை. இருக்கவும் இயலாது. அதனை எப்படி எழுத வேண்டும் என்று பொறிக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாமே.

தமிழிற் பட்டம் பெற்று, இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் இந்த வேலையில் இறங்கிய கதையைச் சிறிது சொல்ல வேண்டும். எம் பாடசாலையில் 600க்கு மேற்பட்ட பிள்ளைகள் கற்கின்றனர். நாள்தோறும் வராதவர்களின் பெயரைத் திரட்டி, வீடுகளுக்கு அறிவித்து, வலயக் கல்வி அலுவலகத்திற்கு அறிக்கை எழுதுவதில் வகுப்பாசிரியர்களின் நேரம் பெரிதும் கழிந்தது. 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் பழைய மாணவன் ஒருவன் எம் வீட்டிற்கு வந்தான். “சேர், இதுக்கு ஒரு ஏஜென்ட் செய்யலாம்; நீங்களே செய்யலாம்,” என்றான். அவன் காட்டிய வழியில், அடுத்த இரண்டு மாத இரவுகளைப் பைதான் என்னும் கணினி மொழியைக் கற்பதிற் கழித்தோம்.

‘ஏஜென்ட்’ என்ற சொல்லை முதன்முதற் கேட்டபோது எமக்கு நகைப்பு வந்தது. எம் ஊரில் ‘ஏஜென்சி’ என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர். காணியை ஈடு வைத்துப் பணத்தையும் கடவுச்சீட்டையும் அவர் கையிற் கொடுப்பார்கள். போன பிள்ளை வழியில் அகப்பட்டுக்கொண்டால், “நான் ஒழுங்கு செய்து குடுத்தது மட்டுந்தான், கொண்டு போனது வேறை ஆள்,” என்று அவர் கை விரிப்பார். இந்தப் பழைய நினைவு பின்னர் வேறு விதமாக எம்மைத் தாக்கப் போகிறது என்பதை அப்போது நாம் அறியவில்லை.

கணினித் துறையில் இச்சொல் குறிப்பது இதுதான். மனிதரைப் போல உரையாடும் மொழி மாதிரிகளை நாம் அறிவோம். அவை சொற்களைப் பிறப்பிப்பன. அவற்றுக்குச் சில கருவிகளைக் கொடுத்து, எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அவற்றிடமே விட்டால் அது ஏஜென்ட். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகிள் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், மாதிரியைச் சிந்தனையும் செயலும் மாறி மாறி நடத்தச் செய்யும் ‘ரியாக்ட்’ என்னும் முறையை வெளியிட்டனர். 2023 யூன் மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம், நிரல் எழுதுவோர் தரும் கருவிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் வசதியைத் தன் சேவையிற் சேர்த்தது. 2024 நவம்பரில் அன்ரொபிக் நிறுவனம், கருவிகளையும் மாதிரிகளையும் இணைப்பதற்குப் பொதுவான நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. இவ்வாறு இரண்டு ஆண்டுகளுள், ஆய்வுக்கூடத்து விடயம் ஒரு கிராமத்து ஆசிரியரின் மேசைக்கு வந்துவிட்டது.

கற்கத் தொடங்கியதும் எம்மை வியப்பில் ஆழ்த்தியது ஒன்று உண்டு. மாதிரி எதனையும் தானே செய்வதில்லை. ‘இன்ன கருவியை இன்ன விவரங்களோடு இயக்குக’ என்று குறித்த வடிவில் ஒரு கோரிக்கையை எழுதுகிறது, அவ்வளவே. அக்கோரிக்கையைப் படித்துக் கருவியை இயக்குவது நாம் எழுதிய நிரல். கிடைத்த விடையை அந்நிரல் மாதிரியிடம் திருப்பிக் கொடுக்கிறது. மாதிரி அடுத்த கோரிக்கையை எழுதுகிறது. வேலை முடிந்தது என்று அது சொல்லும்வரை இச்சுற்று நடைபெறுகிறது. எம்முடைய முதல் நிரல் முழுவதும் 60 வரிகளுக்குள் அடங்கிற்று. ஏதோ மாயம் என்று எண்ணியிருந்தோம். கேட்பது ஒன்று, செய்வது மற்றொன்று என்னும் எளிய ஏற்பாடே அது என்று கண்டோம்.

எம் பொறிக்கு மூன்று கருவிகளைச் செய்தோம். முதலாவது, வரவு இடாப்பை வாசிப்பது. இரண்டாவது, பிள்ளையின் பெயரைக் கொண்டு பெற்றோரின் தொலைபேசி எண்ணைத் தேடுவது. மூன்றாவது, குறுஞ்செய்தி அனுப்புவது. ஒவ்வொரு கருவிக்கும் அது எதற்கானது என்பதை வசனத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்; அவ்வசனத்தைப் படித்தே மாதிரி அதனை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறது. எனவே இங்கு மொழியாசிரியனுக்கும் வேலை இருந்தது.

மூன்றாவது கருவிக்கு முதலில், ‘பெற்றோருக்குச் செய்தி அனுப்பும்’ என்று ஒரு வரி எழுதினோம். சோதனையின்போது, பொறி ஒரே தந்தைக்கு ஒரே நாளில் மூன்று முறை செய்தி அனுப்ப முற்பட்டது. எத்தனை முறை, எப்போது, எதன்பொருட்டு என்பவற்றை நாம் சொல்லவில்லை. அது எப்படி அறியும்? அப்போதுதான் பல்கலைக்கழகத்திற் கற்ற தொல்காப்பியம் கைகொடுத்தது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டியவை எட்டு என்று வேற்றுமை பற்றிய பகுதியில் அந்நூல் கூறும்: வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என்பன அவை. இந்த எட்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பும் கருவிக்கான வசனத்தைத் திரும்ப எழுதினோம். எச்செயல், எச்செய்தி, எப்பாடசாலை, எந்நேரம், எவ்வழி, யாருக்கு, எதற்காக என ஏழு இடங்களும் நிரம்பின. பொறியின் தடுமாற்றமும் நின்றது.

‘செய்வது’ என்னும் ஓரிடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டோம். பொறிதானே செய்கிறது, அதைச் சொல்வானேன் என்று எண்ணினோம்.

மாசி மாதக் கடைசியிற் பொறி வேலை தொடங்கிற்று. தமிழில் இதனை நடத்துவது சற்றுச் செலவான காரியம். யுனிகோட் எழுத்துக்களைச் சேமிக்கும் பொதுமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். மாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை நோக்கியே சொற்களைத் துண்டாடுவதால், ஒரே கருத்து தமிழிற் கூடுதலான துண்டுகளாகிறது; கட்டணமோ துண்டுகளின் கணக்கில். ஆயினும் வகுப்பாசிரியர்கள் மகிழ்ந்தனர். “தம்பி, எங்கட பள்ளிக்கூடம் முன்னுக்கு வந்திட்டுது,” என்று அதிபர் தோளிற் தட்டினார். மாலைதோறும் ‘அனைத்துச் செய்திகளும் அனுப்பப்பட்டன’ என்ற வாசகம் எம் மடிக்கணினியில் தோன்றும். அதனைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவோம்.

அந்தத் தாய் வந்த நாளில், பிழை எங்கே என்று தேடினோம். அது ஓர் எழுத்தில் இருந்தது.

பத்தாம் வகுப்பிலும் பதினோராம் வகுப்பிலும் ஒரே பெயருடைய பிள்ளைகள் இருவர் இருந்தனர். தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் ஒன்றே. பெயர் ‘கௌ’ என்று தொடங்குவது. ஐந்து நாள் வராதவள் பத்தாம் வகுப்புப் பிள்ளை. எம் பாடசாலையின் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. அவ்வெழுத்துருவில், திரையில் தமிழாகத் தோன்றுவது பொறிக்குள்ளே ஆங்கில எழுத்தாகவே கிடக்கும். அவற்றை யுனிகோட் முறைக்கு மாற்றியிருந்தோம். ‘கௌ’ என்பதில் ககரத்துக்குப் பின் நிற்கும் குறி, காண்பதற்கு ளகரத்தைப் போன்றது. பழைய முறையில் தட்டியவர்கள் ளகரத்தையே இட்டார்கள். மாற்றிய பின்பும் அது ளகரமாகவே நின்றது. யுனிகோட்டிலோ ஔகாரக் குறிக்குத் தனியிடம் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கு ஒன்று இரண்டு குறியீடு; மற்றது மூன்று குறியீடு. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றிலும் இவ்வாறு இரட்டை வடிவங்கள் வருவதுண்டு. அவற்றை ஒன்றாக்கும் நியமம் யுனிகோட்டிலேயே இருக்கிறது. அதனை நாம் கையாண்டிருந்தோம். ஆனால் ளகரம் மெய்யாகவே வேறோர் எழுத்தாதலின், அந்நியமம் அதனைத் தொடுவதில்லை.

பத்தாம் வகுப்பு இடாப்பில் அவள் பெயர் பழைய ளகரத்தோடு இருந்தது. புதிதாகச் சேர்ந்தவளாதலால், அவளுடைய பெற்றோர் விவரம் கைத்தொலைபேசியிற் சரியான குறியோடு பதியப்பட்டிருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளையின் விவரமோ பழைய ளகரத்தோடு கிடந்தது. பொறி தேடிற்று, முற்றும் பொருந்திய பெயர் ஒன்றே ஒன்று கிடைத்தது, அவ்வெண்ணுக்குச் செய்தி சென்றது. தேடும் கருவியில் வகுப்பைக் கேட்கும் இடத்தை வைக்க நாம் மறந்திருந்தோம். பொறி பொய் சொல்லவில்லை, கற்பனை செய்யவும் இல்லை. கொடுத்த பட்டியலைக் கொண்டு சொன்னதைச் செய்தது.

அன்று பிற்பகல், உண்மையில் வராதிருந்த பிள்ளையின் வீட்டுக்குச் சைக்கிளிற் சென்றோம். கடற்கரையோரத்தில் ஓர் அறை வீடு. பிள்ளை அடுப்படியில் இருந்தாள். பள்ளி செல்லும் வயதை எட்டாத தம்பியர் இருவர் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தனர். தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏஜென்சி ஒன்றின் மூலம் போயிருந்தார். தந்தை இரவிற் கடலுக்குப் போய்ப் பகலில் உறங்குபவர். “தம்பியவையை ஆர் பாக்கிறது, சேர்?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

எம் பட்டியலிலிருந்த தொலைபேசி எண் அந்தத் தாயினுடையது. அவர் நாட்டை விட்டுப் போன நாளிலிருந்து அது இயங்கவில்லை. ஆக, எழுத்துப் பிழை நேராமல், செய்தி சரியான எண்ணுக்கே போயிருந்தாலும் அதனை வாசிக்க ஒருவரும் இருந்திரார். அன்று மாலையும் ‘அனைத்துச் செய்திகளும் அனுப்பப்பட்டன’ என்றே எம் திரையில் தோன்றியிருக்கும்.

இதைவிட ஒன்று எம்மைச் சுட்டது. மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் நேரிற் போய்ப் பார்ப்பது எம் பாடசாலையின் பழைய வழக்கம். அதனை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. பொறி வந்தபின், அதனை யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. அது தானாகவே நின்றுபோயிற்று. பழைய வழக்கம் இருந்திருந்தால், முந்திய வியாழக்கிழமையே ஒருவர் அந்த முற்றத்திற் கால் வைத்திருப்பார்.

அடுத்த நாள் தோட்டக்கூலித் தாயின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் இழந்த ஒரு நாட் கூலியைக் கொடுக்க முற்பட்டபோது, வாங்க மறுத்துவிட்டார். “மிசின் விட்ட பிழைக்கு நீங்கள் என்ன செய்வியள், சேர்? விடுங்கோ,” என்றார். மகள் கதவருகே நின்று எம்மைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அம்மாவின் பெருந்தன்மை எம்மை விடுவித்திருக்க வேண்டும். அதுவே எம்மை உறங்கவிடவில்லை. ஏனெனில் அவர் எமக்கு அளித்த விடுதலை, ஏஜென்சிக்காரர் கை விரிக்கும்போது தமக்குத் தாமே அளித்துக்கொள்வது. ‘நான் ஒழுங்கு செய்தேன்; செய்தது வேறொன்று.’

மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது, கருத்தா இருவகைப்படும் என்று மாணவர்க்கு ஆண்டுதோறும் சொல்கிறோம். ஏவுதற் கருத்தா, இயற்றுதற் கருத்தா என்பன அவை. கோயிலைக் கட்டியவன் அரசன் என்றால் அவன் ஏவுதற் கருத்தா. தச்சன் என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. கல்லிற் பொறித்த பெயர் அரசனுடையது. கல்லைச் சுமந்தவனுடைய பெயர் எங்கும் இல்லை. வரலாறு நெடுகிலும் உழைத்தவனின் பெயர் மறைந்து, ஏவியவனின் பெயர் நிலைத்தது என்று வகுப்பில் ஆவேசத்தோடு பேசியிருக்கிறோம். இன்று அந்த வழக்கு தலைகீழாகிறது. பிழை நேரும் இடத்தில், ஏவியவன் தன் பெயரை அழித்துக்கொண்டு, இயற்றியது பொறி என்கிறான். புகழ் வரும்போது ‘எங்கட பள்ளிக்கூடம்’. பழி வரும்போது ‘மிசின்’.

இது எம் ஒரு பாடசாலையோடு நிற்கும் செய்தி அன்று. ஓர் ஆசிரியர் கையிலுள்ள 60 வரி நிரல் ஒரு பிள்ளைக்கு அடி வாங்கிக் கொடுக்க முடியுமானால், வங்கியிற் கடன் மறுக்கும் பொறியும், மருத்துவமனையில் வரிசை ஒதுக்கும் பொறியும், நிவாரணப் பட்டியலிற் பெயர் நீக்கும் பொறியும் என்ன செய்யமாட்டா? அங்கும் மாதிரி கேட்கவே செய்யும். கதவைத் திறந்து கொடுத்தவர் ஒரு மனிதர். அவர் யார் என்று கேட்கும் உரிமை, அடி வாங்கிய பிள்ளைக்கு உண்டு.

பொறியைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று ஒரு வாரம் எண்ணினோம். எறியவில்லை, திருத்தினோம். பெயரைக் கொண்டு தேடுவதை நிறுத்திச் சேர்விலக்கத்தைக் கொண்டு தேடச் செய்தோம். பிள்ளைகளின் பெயரை அயல்நாட்டுக் கணினிக்கு அனுப்பும் தேவையும் அதனால் நீங்கியது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டிருந்தும், அதைப்பற்றி நாம் முன்னர் சிந்திக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அனுப்பும் கருவியைப் பொறியிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பொறி வரைவை மட்டும் எழுதும். ஆசிரியர் படித்துச் சம்மதம் என்று அழுத்தினாலன்றி ஒன்றும் போகாது.

இதுவும் போதவில்லை. ஒன்பதாம் நாள், வரிசையாக 32 வரைவுகளுக்கு, ஒன்றையேனும் முழுதாகப் படியாமற் சம்மதம் அழுத்திக்கொண்டிருந்த எம்மையே நாம் கண்டுபிடித்தோம். மனிதரை நடுவில் நிறுத்தினாற் போதாது. அந்த மனிதருக்குப் படிக்க நேரமும், படிக்கக்கூடிய தொகையும் வேண்டும். ஆதலால், ஓரிரு நாள் வராதவர்களுக்குச் செய்தி அனுப்புவதையே விட்டோம். மூன்று நாள் வராதவர்களின் பட்டியலை மட்டும், அவர்கள் வீடுகள் இருக்கும் ஒழுங்கைகளின் வரிசைப்படி, பொறி இப்போது எழுதித் தருகிறது. அத்தாளை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியர்கள் சைக்கிளிற் போகின்றனர். பொறி மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம், பிள்ளைகளின் முற்றத்திற் செலவாகிறது. மிச்சப்படும் நேரம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விக்கு எம்மாற் கொடுக்க முடிந்த விடை இதுதான்.

கடற்கரை வீட்டுச் சிறுவர் இருவரையும் பகல் வேளையிற் பார்த்துக்கொள்ள அயலிலுள்ள பெரியம்மா ஒருவர் இசைந்தார். மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளை வகுப்புக்குத் திரும்பினாள். இதனை ஏற்பாடு செய்தது எந்தக் கருவியும் அன்று. பத்தாம் வகுப்பாசிரியை நான்கு வீடுகளுக்கு நடந்து சென்று பேசியதன் பயன் அது.

நண்பர்களே, ஆசிரியர்களே! இந்தப் பொறிகளைக் கண்டு ஒதுங்காதீர்கள். அவற்றைச் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். செய்யக் கற்ற ஒருவருக்கே, அவற்றினுள் ஒளிந்திருக்கும் மனிதக் கை எதுவென்று தெரியும். கற்ற பின், அந்தக் கையை மறைக்காதீர்கள்.

எம் பொறியில் கடைசியாக மாற்றியது ஒரு வசனத்தை. தொல்காப்பியர் சொன்ன எட்டில், நாம் வெறுமையாக விட்ட ஓரிடம் இப்போது நிரப்பப்பட்டிருக்கிறது. ‘அனைத்துச் செய்திகளும் அனுப்பப்பட்டன’ என்ற வாசகம் எம் திரையில் இப்போது தோன்றுவதில்லை. இன்ன ஆசிரியர், இன்ன நாளில், இன்ன வீட்டுக்குப் போனார் என்று செய்வினையில், பெயரோடு, ஒவ்வொரு மாலையும் நாம் எழுதுகிறோம். போகாத நாளில், போகவில்லை என்று எழுதுகிறோம்.